காக்களூரில் தொடங்கிய பதினான்கு அங்குலம்

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள். அன்று முதலமைச்சர் ஜெயலலிதா திருவள்ளூர் மாவட்டத்தில் ஒரே நாளில் பல திட்டங்களைத் தொடங்கிவைத்தார். கும்மிடிப்பூண்டிப் பக்கம் பாப்பன்குப்பத்தில் கறவை மாடும் ஆடும். காக்களூரில் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி, கூடவே மாணவர்களுக்கு மடிக்கணினி. செவ்வாப்பேட்டை ரோடு ஸ்டேஷனில் திருவள்ளூர் வண்டி ஏறினால் அடுத்து வருவது புட்லூர். அதை ஒட்டியிருப்பதுதான் காக்களூர், ஏரியும் சிட்கோ தொழிற்பேட்டையும் உள்ள ஊர். அன்றைய அரசியல் பேச்சில் மாடும் மிக்சியும் அடிபட்ட அளவுக்கு மடிக்கணினி அடிபடவில்லை. அடிபட்டபோதும் ‘கொடுக்கலாமா கூடாதா’ என்பதோடு விவாதம் முடிந்துபோனது. ‘எதைக் கொடுப்பது’ என்ற கேள்வியை, கொள்முதல் செய்த அரசு நிறுவனமான எல்காட்டின் ஒப்பந்தப்புள்ளி ஆவணத்துக்கு வெளியே அதிகம் பேர் கேட்டதாகத் தெரியவில்லை. ஆனால் ஐந்தாண்டில் 68 லட்சம் மாணவர்கள், முதல் ஆண்டில் மட்டும் 9.12 லட்சம் பேர் என்ற கணக்கோடு இறங்கிய ஓர் அரசு, எந்த மடிக்கணினியை வாங்குவது என்று முடிவெடுத்தபோது, தமிழ்நாட்டில் அதற்கு முன்னும் பின்னும் யாரும் எடுக்காத அளவுக்குப் பெரிய ‘லேப்டாப் தேர்வு’ ஒன்றைச் செய்துவிட்டது. சிறியதாக, உழைப்பதாக, நம்பக்கூடியதாக ஒரு மடிக்கணினி வேண்டும் என்று இன்று செவ்வாப்பேட்டையில் ஒருவர் தேடினால், அவர் படிக்க வேண்டிய முதல் வரலாறு இதுதான். அந்த இயந்திரங்களில் பல பத்தாண்டைத் தாண்டியும் ஓடியதற்குக் காரணம் அவற்றின் கட்டுமானம் அன்று. ஒரே அச்சில் லட்சக்கணக்கில் இறங்கியதும், திருகாணியைக் கழற்றினால் திறந்துகொண்டதும்தான் காரணம்.

சிறியது என்பதிலிருந்து தொடங்கலாம். 2011இல் மலிவு என்றால் சிறியது, சிறியது என்றால் மலிவு என்ற எண்ணம் உலகம் முழுக்கப் பரவியிருந்தது. அதற்கு வித்திட்டவர் நிக்கலஸ் நெக்ரோபாண்டே. குழந்தைக்கு ஒரு மடிக்கணினி என்ற முழக்கத்தோடு 2005இல் நூறு டாலர் கணினியை அவர் அறிவித்தார். 2007இல் எக்ஸ்ஓ என்ற பெயரில் அது வெளிவந்தபோது விலை நூறைத் தாண்டி 188 டாலரைத் தொட்டிருந்தது. விலையை விட்டுவிட்டுப் பார்த்தால் அது அபூர்வமான பொறியியல். ஏழரை அங்குலத் திரையை மேரி லூ ஜெப்சன் கொளுத்தும் வெயிலிலும் படிக்கும்படி வடிவமைத்திருந்தார். விசைப்பலகை தூசியும் தண்ணீரும் புகாத ஒரே ரப்பர் விரிப்பு. சுழலும் வன்தட்டு கிடையாது. கைப்பிடிக்குள் உதிரித் திருகாணிகள்கூட வைத்திருந்தார்கள், பிள்ளைகளே கழற்றிப் பழுது பார்க்கட்டும் என்று. இந்தியாவின் மனிதவள அமைச்சகம் 2006இலேயே இந்தத் திட்டத்தை மறுத்துவிட்டது. மகாராஷ்டிரத்தின் கைராட் போன்ற ஓரிரு கிராமங்களில் சோதனைகள் நடந்ததோடு சரி. எக்ஸ்ஓவைப் பார்த்துப் பிறந்தவை நெட்புக்குகள். 2007 இறுதியில் ஆசுஸ் நிறுவனத்தின் ஈ பிசி, ஏழு அங்குலத் திரை, ஒரு கிலோவுக்கும் குறைந்த எடை. சில மாதத்தில் இங்கே எச்சிஎல்லின் மைலீப். காக்களூர் விழா முடிந்து மூன்று வாரத்தில், 2011 அக்டோபர் 5 அன்று, டில்லியில் அன்றைய மனிதவள அமைச்சர் கபில் சிபல் ஆகாஷ் பலகைக் கணினியை வெளியிட்டார். அரசு அதை வாங்கிய விலை 2,300 ரூபாய்க்கும் கீழே. ஏழு அங்குலம், 366 மெகாஹெர்ட்ஸ் செயலி, அழுத்தித் தொட்டால்தான் அசையும் திரை.

ஆக, அந்த ஆண்டில் ‘ஏழை மாணவருக்குச் சின்னக் கருவி’ என்பது ஏற்கெனவே போட்டிருந்த பாதை. பத்து அங்குல நெட்புக் வாங்கியிருந்தால் கருவூலத்துக்கும் மிச்சம், மாணவர் தோளுக்கும் சுமை குறைவு. தமிழ்நாடு அந்தப் பாதையில் போகவில்லை. பதினான்கு அங்குலத் திரை, இரண்டு உள்ளகச் செயலி, 2 ஜிபி நினைவகம், 320 ஜிபி வன்தட்டு என்று, அன்றைக்கு ஓர் அலுவலக ஊழியருக்குக் கொடுக்கும் சாதாரண மடிக்கணினியையே கேட்டது. இது தொலைநோக்கா, தேர்தல் வாக்குறுதியில் ‘லேப்டாப்’ என்று சொல்லிவிட்டு வேறொன்றைக் கொடுத்தால் வரும் கேலிக்கு அஞ்சியதா என்பது வேறு விஷயம். எதுவாயினும் முடிவு சரி. நெட்புக்கின் 1024க்கு 600 புள்ளித் திரையில் ஒரு கணக்குத் தாளின் பாதி வரிசைகூடத் தெரியாது. அதிலிருந்த ‘ஆட்டம்’ செயலி இரண்டு வேலையைச் சேர்த்துக் கொடுத்தால் மூச்சு வாங்கும். 2013க்குள் அந்த இனமே சந்தையிலிருந்து போய்விட்டது. ஆகாஷும் நெடுநாள் நிலைக்கவில்லை. திரையைச் சிறிதாக்கியவர்கள் அதோடு விசைப்பலகையை, சூடு வெளியேறும் வழியை, உள்ளே கை நுழையும் இடத்தை எல்லாம் சேர்த்துச் சிறிதாக்கினார்கள் என்பதுதான் நெட்புக்கின் அடிப்படைக் கோளாறு. இதற்கு எதிராக ஒன்று சொல்லலாம்: இரண்டு கிலோவுக்கு மேல் கனக்கும் இயந்திரத்தை, சார்ஜரோடு, காலை நேர மின்சார ரயிலில் செவ்வாப்பேட்டையிலிருந்து பட்டாபிராம் இந்துக் கல்லூரிக்கு ஒரு மாணவி சுமந்துபோக வேண்டும் என்பதை அந்த முடிவு நினைத்துப் பார்க்கவில்லை. நியாயமான பேச்சு. ஆனால் அரசுக் கல்லூரிகளிலும் உதவிபெறும் கல்லூரிகளிலும் வகுப்பில் மடிக்கணினி திறந்து பாடம் நடக்கும் வழக்கம் அப்போது பெரிதாக இல்லை. அந்த இயந்திரம் பெரும்பாலும் வீட்டில் இருந்தது. வீட்டில் அது ஒருவருடையதாக மட்டும் இருந்ததில்லை; தம்பிக்குப் படம், அண்ணனுக்கு வேலை விண்ணப்பம், மாமாவின் கடைக்குக் கணக்கு. குடும்பத்துக்குப் பொதுவான கருவிக்குப் பதினான்கு அங்குலம் ஒன்றும் அதிகமில்லை.

மேசைக் கணினியே போதாதா என்று கேட்டவர்களுக்கு 2012 பதில் சொன்னது. சென்னை மாநகருக்குள் தினம் இரண்டு மணி நேர மின்வெட்டு. அதன் எல்லையைத் தாண்டிய மாவட்டங்களில் பத்து மணி நேரத்துக்கும் மேல். எண்ணூர், அத்திப்பட்டு, வல்லூர் என்று அனல்மின் நிலையங்களை வரிசையாக வைத்திருந்த திருவள்ளூர் மாவட்டத்திலேயே இதுதான் நிலை. மின்கலம் உள்ள கணினிதான் அந்த ஆண்டுகளில் கணினி என்ற பெயருக்குத் தகுந்தது. அந்த மின்கலம் பின்புறம் இரண்டு தாழ்ப்பாளைத் தள்ளினால் கையோடு வந்துவிடும் வகை என்பதையும் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். லித்தியம் மின்கலம் வெப்பத்தில் சீக்கிரம் தேயும். திருவள்ளூர் மே மாத வெயிலில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, மூன்று ஆண்டு ஓடினாலே பெரிது. மாற்ற முடிகிற மின்கலம் தேய்ந்தால் செலவு. மாற்ற முடியாதது தேய்ந்தால் கணினியே போனது.

உழைப்பு என்ற சொல்லைக் கணினிக் கம்பெனிகள் வேறு பொருளில் பயன்படுத்திவருகின்றன. 1982இன் கிரிட் காம்பஸ் தொடங்கி, 1992இல் ஐபிஎம் வெளியிட்ட திங்க்பேட், 1996இல் பானசோனிக்கின் டஃப்புக் என்று ஒரு மரபு உண்டு. மெக்னீசியக் கலவை உடல், தண்ணீர் வடியும் விசைப்பலகை, அமெரிக்க ராணுவத் தரச் சோதனை. கிரிட் விண்வெளி ஓடத்திலேயே பறந்தது. இந்த மரபைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அதன் விலை 2011இல் ஐம்பதாயிரம், எண்பதாயிரம் என்று போகும். அரசு வாங்கியது ஒன்று 14,000, 15,000 ரூபாய்க்கு. அந்த விலைக்கு வந்தது சாதாரண பிளாஸ்டிக் உடல். எங்கே முதலில் உடையும் என்பது எந்த மெக்கானிக்குக்கும் தெரியும்: கீல். திரையைத் தாங்கும் இரும்புக் கீலை, பிளாஸ்டிக்குக்குள் பதித்த சின்னப் பித்தளைக் கொண்டைகளில் திருகியிருப்பார்கள். ஒரு மூலையை மட்டும் பிடித்துத் திறந்து மூடும் பழக்கம் எல்லா வீட்டிலும் உண்டு. நாளடைவில் கீல் இறுகும், பிளாஸ்டிக் இளகாது. ஒருநாள் ‘டக்’கென்று பித்தளைக் கொண்டை பிய்ந்து வரும், திரையின் ஓரச் சட்டம் வாய் பிளக்கும். மெக்கானிக் என்ன செய்வார்? கொண்டையை இருந்த இடத்திலேயே வைத்து, அரால்டைட் குழைத்து ஊற்றி, ஒரு ராத்திரி காயவிட்டு, கீலின் இறுக்கத்தைக் கால் சுற்று தளர்த்திக் கொடுப்பார். அடுத்து சார்ஜர் பின், அப்புறம் விசைப்பலகை, அதற்கும் பிறகு வன்தட்டு. அடிப்பக்க மூடியைக் கழற்றினால் நினைவகத்துக்கு ஒரு துளை, இரண்டரை அங்குல வன்தட்டுக்கு ஓர் அறை. பிற்பாடு எஸ்எஸ்டி விலை இரண்டாயிரத்துக்குக் கீழே வந்தபோது அந்த அறைதான் இயந்திரத்துக்கு இரண்டாவது ஆயுளைக் கொடுத்தது. விழித்தெழ ஐந்து நிமிடம் எடுத்த கணினி அரை நிமிடத்தில் எழுந்தது.

இதில் எந்த ஒன்றையும் தயாரித்த கம்பெனியின் பெருமையாகச் சொல்ல முடியாது. அன்றைய மடிக்கணினிகள் எல்லாமே ஏறத்தாழ இப்படித்தான் இருந்தன. வேறுபாடு எண்ணிக்கையில் வந்தது. 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டப்படி, மிகக் குறைந்த விலை கேட்டவருக்கு வேலை போகும்; ஒருவரால் முழுவதையும் கொடுக்க முடியாதபோது, அதே விலைக்கு இறங்கிவரும் மற்றவர்களுக்கும் பங்கு பிரியும். அதனால் எச்சிஎல், ஏசர், லெனோவா போன்ற சில பெயர்களில், ஒவ்வொன்றிலும் ஓரிரு மாதிரிகள் மட்டும், லட்சக்கணக்கில் இறங்கின. அடுத்தடுத்த ஆண்டுகளிலும் இதே நடைமுறை. கொரோனாவுக்கு முன்பாகவே மொத்தம் 50 லட்சத்தைத் தாண்டிவிட்டது. இதன் விளைவு சென்னையின் மின்னணுச் சாமான் சந்தையான ரிச்சி தெருவில் தெரிந்தது. ‘எல்காட் லேப்டாப்’ என்றாலே கடைக்காரருக்கு மாதிரி எண் சொல்ல வேண்டியதில்லை. மூடியைப் பார்த்தாலே எந்த ஆண்டு, எந்த விசைப்பலகை, எந்த சார்ஜர் என்று எடுத்துவைப்பார். எண்ணூரில் பிறந்த லேலண்ட் லாரிக்கு எந்த நெடுஞ்சாலை ஓரத்திலும் சாமானும் கைவினைஞரும் கிடைப்பதுபோல. பல மடங்கு விலை கொடுத்து வாங்கிய உயர்ந்த ரக மடிக்கணினியின் திரை உடைந்தால், பெங்களூரிலிருந்து வரும் என்று காத்திருந்தவர்கள் உண்டு. அரசு மடிக்கணினிக்கு அந்தக் காத்திருப்பு குறைவு. திருவள்ளூர் பஸ் ஸ்டாண்டைச் சுற்றியுள்ள செல்போன் கடைகளிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

இதற்கு வரக்கூடிய மறுப்புகளில் வலுவானது இதுதான்: ஓடுகிறவற்றை மட்டும் பார்த்துப் பேசுகிறீர்கள், உத்தரவாதம் முடிந்த மறு மாதமே செத்துப் பரண் ஏறியவை எத்தனை என்று யார் எண்ணினார்கள்? உண்மை. எத்தனை ஆண்டு உழைத்தது என்ற கணக்கை அரசு எடுத்து வெளியிட்டிருந்தால் உலகத்துக்கே அது பாடமாக இருந்திருக்கும். வாங்கிய எண்ணிக்கையும் செலவும்தான் சட்டமன்றத்தில் வாசிக்கப்பட்டன. ஆனால் என் வாதம் அவை உடையவில்லை என்பதல்ல. உடைந்தவை பல. பரணில் கிடந்த ஒவ்வொரு பிணமும் ஓடிக்கொண்டிருக்கும் இன்னொன்றுக்கு உறுப்புதானம் செய்தது. அது ஒரே அச்சாக இருந்ததால் மட்டுமே நடந்தது. இரண்டாவது மறுப்பு, பலர் அதை விற்றுவிட்டார்கள் என்பது. விற்கக் கூடாது என்ற விதி இருந்தும், மூடியில் முதலமைச்சர் படத்தோடு வந்த ‘அம்மா லேப்டாப்’ ஸ்டிக்கர் ஒட்டி மறைக்கப்பட்டுக் கைமாறியது உண்மை. கல்வித் திட்டமாகப் பார்த்தால் இது ஓட்டைதான். பொருளின் ஆயுள் என்ற கோணத்தில் பார்த்தால், பழைய சந்தை இருக்கும் பொருளுக்குத்தான் உதிரிபாகமும் இருக்கும். மூன்றாவதும் ஒன்று உண்டு: ஒரே அச்சு என்றால் ஒரே நோயும்தானே? ஒரு மாதிரியின் சார்ஜர் முனை பலவீனமாக இருந்தால் அந்த ஆண்டின் லட்சம் பேருக்கும் அதே இடத்தில் நோவு. ஆம். ஆனால் லட்சம் பேருக்கு ஒரே நோய் வந்தால் வைத்தியம் ஒரே மாதத்தில் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். அரிய நோய்க்காரருக்குத்தான் வைத்தியர் கிடைப்பதில்லை.

நம்பகம் என்பதில் மென்பொருளுக்குப் பாதிப் பங்கு. இந்தப் பக்கத்தில் வரலாறு சற்று மனத்தாங்கலானது. எல்காட் நிறுவனம் 2006 முதல் உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்த காலத்தில் லினக்ஸ் பக்கம் துணிந்து நகர்ந்திருந்தது. அரசு அலுவலகங்களுக்கு சூஸே லினக்ஸ் போட்ட கணினிகளை வாங்கிக் கொடுத்தது. 2011 மடிக்கணினிகளில் விண்டோசோடு பாஸ் லினக்சும் சேர்ந்து வந்தது. பாஸ் என்பது மத்திய அரசின் சிடாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கியது. அதாவது ஒப்பந்தப்புள்ளி திறந்த அதே ஊரில் எழுதப்பட்ட இயங்குதளம். சில ஆண்டில் அது கழற்றப்பட்டு விண்டோஸ் 8 மட்டும் என்றானது. மாணவர்கள் லினக்சைத் திறப்பதில்லை என்று சொல்லப்பட்டால் அதில் பொய்யில்லை. வேலை தேடும் இடமெல்லாம் விண்டோஸ் கேட்கும்போது அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அதன் விலை 2025 அக்டோபர் 14 அன்று தெரிந்தது. அன்று மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 10க்கான ஆதரவை நிறுத்தியது. அந்த ஆண்டுகளின் அரசு மடிக்கணினிகளில் மிகப் பல, செயலி பழையது என்ற காரணத்தால் விண்டோஸ் 11 ஏறாதவை. கீலும் மின்கலமும் எஸ்எஸ்டியும் மாற்றிக் காப்பாற்றிய பெட்டியை மென்பொருள் கைவிட்டது. லினக்ஸ் பழகியிருந்தால் அதே பெட்டி இன்னும் சில ஆண்டு பாதுகாப்பாக ஓடும்.

2012க்குப் பிறகு மடிக்கணினிகள் போன திசை வேறு. அந்த ஆண்டு ஆப்பிள் தன் ரெட்டினா திரை மேக்புக் புரோவில் நினைவகத்தைப் பலகையோடு ஈயம் வைத்து ஒட்டியது. மின்கலத்தைப் பசை போட்டுப் பதித்தது. திங்க்பேட் மரபிலேயே அதே ஆண்டு வந்த எக்ஸ்1 கார்பனில் நினைவகத்தை மாற்ற முடியாது. மெல்லிசாக, இலேசாக வேண்டும் என்று வாங்குகிறவர்கள் கேட்டார்கள், கிடைத்தது. இன்று ஒன்றேகால் கிலோ எடையில், நெட்புக் கனவில்கூடக் காணாத வேகத்தில், உண்மையிலேயே சிறிய மடிக்கணினி கிடைக்கிறது. ஆனால் 8 ஜிபி போதவில்லை என்று மூன்றாம் ஆண்டில் தோன்றினால் செய்வதற்கு ஒன்றுமில்லை. இதை ஐரோப்பிய ஒன்றியம் சட்டத்தால் தடுக்கப் பார்க்கிறது: 2023இல் இயற்றிய மின்கல ஒழுங்குமுறைப்படி, 2027 பிப்ரவரி முதல் கையடக்கக் கருவிகளின் மின்கலம் பயனாளரே கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும். இந்தியாவில் 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளம் தொடங்கினார்கள். கம்பெனிகளைக் கட்டாயப்படுத்தும் சட்டம் அதற்குப் பின்னால் இல்லை.

இந்தப் பின்னணியில்தான் 2025 மார்ச்சில் தமிழ்நாட்டு நிதியமைச்சர் தங்கம் தென்னரசு வாசித்த நிதிநிலை அறிக்கையைப் பார்க்க வேண்டும். இரண்டு ஆண்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி, முதல் கட்டமாக 2,000 கோடி ரூபாய். அதைத் தொடர்ந்த ஒப்பந்தப்புள்ளியில் 8 ஜிபி நினைவகம், 256 ஜிபி எஸ்எஸ்டி, திரை பதினான்கு அல்லது 15.6 அங்குலம் என்று கேட்டார்கள்; விண்டோஸ் 11ஓடு பாஸ் லினக்சும் திரும்பிவந்தது. காக்களூர் அளவே மீண்டும் வென்றது என்று சொல்லலாம். கேட்டிருக்க வேண்டியதும், எளிதில் பெற்றிருக்கக் கூடியதும் இன்னும் இரண்டு: நினைவகத் துளை ஒன்றாவது காலியாக இருக்க வேண்டும், மின்கலம், விசைப்பலகை, கீல் ஆகியவற்றை ஏழு ஆண்டுக்குக் குறித்த விலையில் விற்க வேண்டும். 20 லட்சம் வாங்குகிறவர் கேட்டால் எந்தக் கம்பெனி மறுக்கும்?

தனியாக வாங்குகிறவருக்கு அந்தப் பேரம் கைகூடாது. ஆனால் மொத்தமாக வாங்கியவர்களின் நிழலில் அவரும் நிற்கலாம். பெரிய நிறுவனங்கள் மூன்று நான்கு ஆண்டு பயன்படுத்திவிட்டு லாட்டாகத் தள்ளிவிடும் லாட்டிட்யூட், எலைட்புக், திங்க்பேட் வகைகள் ரிச்சி தெருவுக்கு ஆயிரக்கணக்கில் வருகின்றன. பன்னிரண்டரை, பதினான்கு அங்குலத்தில், உலோகக் கலவை உடலோடு, பல மாதிரிகளில் இன்னமும் கழற்றி மாற்றும் நினைவகத்தோடு. ஒரே மாதிரி லட்சக்கணக்கில் உலவுவதால் சாமானும் கிடைக்கும், கழற்றத் தெரிந்த ஆளும் கிடைப்பார். புதுசு வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர், திரையின் பளபளப்பையும் அட்டைப் பெட்டியின் மேல் போட்டிருக்கும் ராணுவத் தர முத்திரையையும் பார்ப்பதற்கு முன், கடைக்காரரிடம் அடிமூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லட்டும். அந்த மாதிரியின் விசைப்பலகை என்ன விலை, கையில் இருக்கிறதா என்று கேட்கட்டும். ‘ஆர்டர் போட்டா பத்து நாள்ல வரும்’ என்று பதில் வந்தால் பக்கத்துக் கடைக்குப் போகலாம்.